கணினி வாசலில் ஒரு ஜாகா

காஜாங்கிலிருந்து பெரானாங் போகும் சாலையில் செமினியைக் கடந்து போயிருக்கிறீர்களா? ஒரு காலத்தில் அந்த வட்டாரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பால்மரமும் செம்பனையும்தான். இன்று தாமான் தாமானாக வீடுகள். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகம் 2005ஆம் ஆண்டில் தன் மலேசிய வளாகத்தையே இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டது. லயத்தில் பிறந்தவர்கள் அடுக்குமாடியில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு மேசையில் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மடிக்கணினியும் இருக்கிறது.

அப்படிப்பட்ட ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். அந்தப் பெரியவரை நான் மாமா என்று அழைப்பது வழக்கம். நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

மாமா முப்பது வருடத்துக்கு மேல் தோட்டத்தில் உழைத்தவர். முதலில் பால் வெட்டு, பிறகு செம்பனைக் குலை. தோட்டம் கைமாறி, லயங்களை இடிக்க ஆள் வரப்போகிறது என்று தெரிந்ததும், பட்டணத்தில் வேலை செய்த மகன் ஒரு கேமராவுடன் ஓடிவந்தான். பெரட்டுக் களம், மாரியம்மன் கோயில், ஆயாக் கொட்டகை, தண்ணீர்க் குழாய் என்று நானூறு படங்களுக்கு மேல் எடுத்தான். அதில் ஒரு படம்: மாமி தன் லயத்து வாசற்படியில் கையில் முறத்தோடு நிற்கிறார். அடுத்த வருடம் மாமி காலமானார். அந்த வீடும் போயிற்று, அந்த ஆளும் போயிற்று. படம் மட்டும் இருந்தது.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது நினைவிருக்கும். பள்ளி, கல்லூரி எல்லாம் வீட்டுக்குள்ளேயே நடந்தன. மகளின் படிப்புக்காக மாமா சேமிப்பிலிருந்து எடுத்து ஒரு மடிக்கணினி வாங்கினார். படங்கள் எல்லாம் அதற்குள் குடிபுகுந்தன. மறு வருடம், சிதறிப்போன தோட்டத்து மக்கள் சேர்ந்து ஒரு சிறு நினைவு மலர் போடலாம் என்று பேசினார்கள். படங்களைத் திருத்தி அடுக்கும் பொறுப்பு மகளிடம் வந்தது. படம் திருத்தும் நல்ல மென்பொருளுக்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். கூடப் படிக்கும் தோழி, "காசு எதுக்குடி? நான் லிங்க் அனுப்புறேன்" என்றாள்.

வந்து இறங்கியது ஒரு பூட்டிய பொதி. திறக்கக் கடவுச்சொல், 1234. உள்ளே ஒரு குறிப்பு: 'நிறுவுவதற்கு முன் விண்டோஸ் பாதுகாப்பை நிறுத்திவிடவும். இல்லாவிட்டால் இதை வைரஸ் என்று தவறாகச் சொல்லும்.' அந்தப் பெண் முட்டாள் அல்ல. தயங்கித்தான் தோழியைக் கேட்டிருக்கிறாள். "பயப்படாத. நான் போட்டு ரெண்டு மாசம் ஆச்சு, ஒன்னும் ஆகல" என்று பதில் வந்தது. நிறுத்தினாள். நிறுவினாள். விண்டோஸ் புதுப்பிக்கப்படுகிறது என்று ஒரு சிறு பெட்டி திரையில் தோன்றி, கோடு மெதுவாக நகர்ந்தது. சரிதான் என்று சாப்பிடப் போய்விட்டாள்.

திரும்பி வந்து பார்த்தால், நானூறு படங்களின் பெயருக்குப் பின்னாலும் ஏதோ புரியாத நான்கு எழுத்து வால் முளைத்திருந்தது. எதுவும் திறக்கவில்லை. ஒவ்வொரு பெட்டகத்திலும் ஒரு கடிதம்: சாவி வேண்டுமானால் 980 அமெரிக்க டாலர், 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலை, 490. முழு விலை அன்றைய கணக்குக்கு நாலாயிரம் வெள்ளிக்கு மேல்.

மாமா திரையை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "ஏம்மா, படம் உள்ளாறதான இருக்கு? அப்புறம் ஏன் தெரிய மாட்டேங்குது?"

உள்ளேதான் இருந்தது. ஆனால் பூட்டப்பட்டிருந்தது. புதுப்பிப்பதாகக் காட்டிய அந்தப் பெட்டி பொய். அதற்குப் பின்னால்தான் பூட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. இந்த வகைப் பூட்டு நிரலை 'ஸ்டாப்' என்றும் 'டிஜேவியூ' என்றும் சொல்கிறார்கள். பெரிய கம்பெனிகளை விட்டுவிட்டு, ஓசி மென்பொருள் தேடும் வீட்டு மனிதர்களையே வேட்டையாடுவது இது. எம்சிசாஃப்ட் என்ற நிறுவனம் 2019 அக்டோபரில் இதன் 148 வகைகளுக்கு இலவசத் திறவுகோல் வெளியிட்டது. மாமா வீட்டில் நுழைந்தது அதற்குப் பின் வந்த வகை. அந்தத் திறவுகோல் பயன்படவில்லை.

நீலப் பெட்டி சொல்வது என்ன?

இப்போது அந்தப் பெண் நிறுத்திவைத்த பாதுகாப்பு என்பது என்னவென்று பார்ப்போம். கணினி வாங்கும்போதே அது உள்ளே இருக்கிறது. தனியாகக் காசு இல்லை. தோட்டத்து வாசலில் தடுப்புக் கட்டையோடு உட்கார்ந்திருப்பாரே ஜாகா, அவரைப் போல என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இணையத்திலிருந்து ஒரு கோப்பை இறக்கும்போது, 'இது வெளியிலிருந்து வந்தது' என்று உலாவி அதன்மேல் ஒரு முத்திரை குத்துகிறது. நம் கண்ணுக்குத் தெரியாது, ஜாகாவுக்குத் தெரியும். அந்தக் கோப்பை நீங்கள் திறந்ததும் விண்டோஸின் 'ஸ்மார்ட்ஸ்கிரீன்' இரண்டு கேள்வி கேட்கிறது. உன்னைச் செய்தவன் யார், கையெழுத்து இருக்கிறதா? உன்னை இதற்கு முன் எத்தனை பேர் உள்ளே விட்டிருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன ஆயிற்று? செக்ரோலில் பேர் இருந்து, முகமும் பழக்கமானதாக இருந்தால் கட்டையைத் தூக்கிவிடும். இல்லாவிட்டால்தான் அந்த நீலப் பெட்டி வருகிறது: 'விண்டோஸ் புரொடெக்டட் யுவர் பிசி'. உன் கணினியைக் காப்பாற்றினேன் என்று பொருள். இந்தக் காவல் முதலில் 2009ஆம் ஆண்டில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவியில் இருந்தது. 2012ஆம் ஆண்டு விண்டோஸ் 8 வந்தபோது கணினிக்கே பொதுவானது.

இதைத் தவிர இன்னொன்றும் உண்டு. சில நேரம் திரை முழுவதும் மங்கி, நடுவில் ஒரு கேள்வி மட்டும் நிற்கும்: இந்தச் செயலி உங்கள் கணினியில் மாற்றம் செய்ய விடலாமா? இது வீட்டுச் சாவியைக் கேட்கும் கேள்வி. 'யெஸ்' என்று அழுத்தினால் கணினியின் எந்த மூலைக்கும் அது போகலாம். பெட்டியில் மஞ்சள் நிறம் தெரிந்து, செய்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'அன்நோன்' என்று இருந்தால், முகமூடிக்காரர் சாவி கேட்கிறார் என்று அர்த்தம். பெரும்பாலோர் அதைப் படிப்பதே இல்லை. நான் உட்பட, பல வருடம் கண்ணை மூடிக்கொண்டு 'யெஸ்' அழுத்தியவர்கள்தாம் நாம் எல்லோரும்.

ஜாகாவுக்குத் தெரியாத வழிகளும் இருக்கின்றன. கடவுச்சொல் போட்டுப் பூட்டிய பொதிக்குள் என்ன இருக்கிறது என்று அவரால் பார்க்க முடியாது. 1234 என்று அவ்வளவு எளிய கடவுச்சொல்லைப் போட்டு, அதைப் பக்கத்திலேயே எழுதியும் வைப்பது ஏன் என்று இப்போது புரிகிறதா? அந்தப் பூட்டு உங்களுக்காகப் போட்டதல்ல, ஜாகாவுக்காகப் போட்டது. அதேபோல், பென்டிரைவில் கைக்குக் கை மாறி வரும் கோப்பில் அந்த முத்திரை பெரும்பாலும் அழிந்துபோயிருக்கும். நீலப் பெட்டியே வராது. வரவில்லை என்பதால் நல்லது என்று எண்ணிவிடாதீர்கள்.

ஒருவரை விடுவது வேறு, ஜாகாவை அனுப்புவது வேறு

இந்த ஜாகா எப்போதும் சரியாகவே இருப்பார் என்றும் சொல்ல மாட்டேன். சிறிய நிறுவனம் செய்த நல்ல மென்பொருளையும் நிறுத்திவிடுவார். அதிகம் பேர் இறக்காத ஒரு பஞ்சாங்க நிரல், யாரோ ஒரு தமிழாசிரியர் பிள்ளைகளுக்காகச் செய்த எழுத்துப் பயிற்சி என்று எத்தனையோ நல்லவை அவருக்கு முகம் தெரியாதவை. 'எல்லாவற்றுக்கும் கத்துகிறதே' என்று நமக்கு எரிச்சல் வருகிறது. எரிச்சலில் ஜாகாவையே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம்.

அங்கேதான் தவறு. வந்தவர் நம் சொந்தக்காரர் என்று உறுதியாகத் தெரிந்தால் அவரை மட்டும் உள்ளே விடலாம். நீலப் பெட்டியில் 'மோர் இன்ஃபோ' என்று ஒரு சிறிய வரி இருக்கும். அதைத் தொட்டால் கோப்பின் பெயரும் செய்தவர் பெயரும் தெரியும். கூடவே 'ரன் எனிவே' என்ற பொத்தானும் வரும். அதை அழுத்தினால் அந்த ஒரு நிரலுக்கு மட்டும் கட்டை திறக்கும். மற்றவற்றுக்குக் காவல் அப்படியே இருக்கும். ஆனால் அதை அழுத்துவதற்கு முன், செய்தவரின் சொந்தத் தளத்திலிருந்துதான் இறக்கினோமா, அல்லது 'இலவசம்' என்று ஆயிரம் பொத்தான் மின்னும் ஏதோ ஒரு பக்கத்திலிருந்தா என்று நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நல்ல நிரல் செய்தவர், தன்னை நிறுவுவதற்காக உங்கள் காவல் முழுவதையும் அணைக்கச் சொல்வது மிக அரிது. 'பாதுகாப்பை நிறுத்திவிட்டு வா' என்று எழுதியிருக்கிறதா? அந்தப் பொதியைத் திறக்காமலே அழித்துவிடுங்கள். மாமா வீட்டுக் கதையில் திருடன் தன் கைப்படக் கடிதம் எழுதியே வைத்திருந்தான், ஜாகாவை அனுப்பிவிடு என்று.

உங்கள் வீட்டுக் கணினியில் காவல் நிற்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். 'செட்டிங்ஸ்' திறந்து, அதில் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்பதைத் தேடுங்கள். 'ஆப் அண்ட் பிரவுசர் கண்ட்ரோல்' என்ற பிரிவுக்குள் போனால் ஸ்மார்ட்ஸ்கிரீனுக்கான பொத்தான்கள் இருக்கும். எல்லாம் 'ஆன்' என்று இருக்க வேண்டும். வைரஸ் பார்க்கும் காவலை யாராவது நிறுத்தினால், சிறிது நேரத்தில் அது தானாக மீண்டும் எழுந்துகொள்ளும். ஸ்மார்ட்ஸ்கிரீன் அப்படி அல்ல, அணைத்தால் அணைந்ததுதான். இரண்டு வருடத்துக்கு முன் யாரோ ஒரு விளையாட்டுக்காக அணைத்தது இன்னும் அப்படியே கிடக்கலாம். பழைய கணினியைக் கைமாற்றாக வாங்கியவர்கள் கட்டாயம் பாருங்கள். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்பதையும் விற்பவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

அதே 'செட்டிங்ஸில்' 'ஆப்ஸ்' என்ற பிரிவில், செயலிகளை எங்கிருந்து வாங்கலாம் என்று கேட்கும் ஒரு பட்டியலும் உண்டு. எங்கிருந்தும் வரலாம் என்று வைக்கலாம். வெளியிலிருந்து வந்தால் எச்சரி என்று வைக்கலாம். மைக்ரோசாஃப்ட் கடையிலிருந்து மட்டும் என்றும் வைக்கலாம். தொடக்கப் பள்ளிப் பிள்ளை பயன்படுத்தும் கணினி என்றால் கடைசியது போதும். மலிவான சில புதிய கணினிகள் 'எஸ் மோட்' என்ற கட்டுப்பாட்டோடு வரும். அதில் கடையிலிருந்து வருவதைத் தவிர வேறெதுவும் ஏறாது. அதிலிருந்து வெளியேறக் காசு வேண்டாம், ஆனால் வெளியேறினால் திரும்பிப் போக முடியாது. 'இத எடுத்துவிடட்டுமா அண்ணே?' என்று கடைக்காரத் தம்பி கேட்டால், உடனே தலையாட்டாதீர்கள்.

ஆப்பிள் கணினி வைத்திருப்போருக்கு ஒரு வரி. அங்கே இதே ஜாகாவுக்கு 'கேட்கீப்பர்' என்று பெயர், 2012இலிருந்து வேலை பார்க்கிறார். தடுக்கப்பட்ட ஒரு நிரலை மட்டும் விட வேண்டுமானால் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பக்கத்தில் 'ஓப்பன் எனிவே' என்று இருக்கும். மற்றதெல்லாம் மேலே சொன்னதுதான்.

தமிழ் எழுத எதையும் இறக்க வேண்டாம்

கோயில் அழைப்பிதழ், பள்ளி விழா மலர், பொதுக்கூட்ட அறிவிப்பு இவற்றைத் தமிழில் அடிக்கத்தான் நம்மவர்கள் அதிகமாக ஓசி நிரல் தேடுகிறார்கள். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? கணினியில் தமிழ் எழுதுவதற்கு உலகத்துக்கே வழிகாட்டியவர்களில் நம் மலேசியர் ஒருவர் இருக்கிறார். முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் 1985ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. கைத்தொலைபேசிக்கு அவர் செய்த செல்லினம் 2005 பொங்கலில் வெளிவந்தது. அப்படியிருக்க, முகம் தெரியாத தளத்திலிருந்து திருட்டு நகல் எதற்கு?

அதுவும் வேண்டாம் என்றால் விண்டோஸுக்குள்ளேயே தமிழ் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு வந்த விண்டோஸ் 2000இலேயே லதா என்ற தமிழ் எழுத்துரு இருந்தது. 2019ஆம் ஆண்டிலிருந்து, ஆங்கிலத்தில் ஒலியைத் தட்டினால் தமிழாக மாறும் விசைப்பலகையும் உண்டு. 'செட்டிங்ஸில்' 'டைம் அண்ட் லேங்வேஜ்' போய்த் தமிழைச் சேர்த்தால் போதும். எதையும் வெளியிலிருந்து இறக்கவே வேண்டியதில்லை, ஜாகாவுக்கும் தொந்தரவில்லை. முதலில் வீட்டுக்குள் தேடிவிட்டுப் பிறகு தெருவுக்குப் போகலாமே.

சாவிக் கொத்து யாரிடம்?

தாய்மார்களே, இந்தப் பகுதி உங்களுக்கு. வீட்டில் ஒரே கணினி, எல்லோரும் ஒரே பெயரில் நுழைகிறார்கள் என்றால், பத்து வயதுப் பையனும் வீட்டுக்காரர்தான். விளையாட்டு நிரல் 'யெஸ்ஸா, நோவா' என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்?

இரண்டு கணக்கு வையுங்கள். ஒன்று நிர்வாகிக் கணக்கு. அதன் கடவுச்சொல் பெரியவர் ஒருவரிடம் மட்டும். மற்றது பிள்ளைகளுக்கு, சாதாரணக் கணக்கு. 'செட்டிங்ஸில்' 'அக்கவுண்ட்ஸ்' பிரிவில் 'ஸ்டாண்டர்டு யூசர்' என்று மாற்றிக்கொள்ளலாம். அதன் பிறகு கணினியில் ஆழமாக எதையாவது நிறுவ வேண்டுமானால் பெரியவரின் கடவுச்சொல்லைக் கேட்கும்.

இது முழுக் காவல் என்று நம்பிவிடக் கூடாது. பிள்ளையின் கணக்கில் இருக்கும் படங்களை, பிள்ளை திறக்கும் நிரல் தொடத்தான் செய்யும். அதற்கும் விண்டோஸில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 'ரான்சம்வேர் புரொடெக்‌ஷன்' என்ற இடத்தில் 'கண்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' என்று 2017இலிருந்து ஒரு பொத்தான் இருக்கிறது. வாங்கும்போது அது அணைந்தே இருக்கும். நாம்தான் போட வேண்டும். போட்டால், அறிமுகமில்லாத நிரல் எதுவும் படங்கள் இருக்கும் பெட்டகத்தில் கைவைக்க முடியாது. சில நல்ல நிரல்களையும் தடுத்து உயிரை வாங்கும். அப்போதும் அந்த ஒன்றை மட்டும் அனுமதியுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட மலிவான காவல், படங்களை வேறொரு வட்டில் நகலெடுத்து, அந்த வட்டைக் கழற்றி அலமாரியில் வைப்பது. கழற்றி என்பதைக் கவனியுங்கள். கணினியில் மாட்டியே வைத்திருந்தால் பூட்டுபவன் அதையும் சேர்த்தே பூட்டுவான்.

கைத்தொலைபேசியின் வாசல்

கணினி இல்லாத வீடு உண்டு; கைத்தொலைபேசி இல்லாத வீடு உண்டா? அதிலும் இதே ஜாகா இருக்கிறார். நம் நாட்டில் பலரின் பணம் போனது அந்த வாசல் வழியாகத்தான்.

2021ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து ஒரு தந்திரம் இங்கே நடந்தது. வீடு சுத்தம் செய்து கொடுக்கிறோம், விலை மலிவு என்று ஃபேஸ்புக்கில் விளம்பரம். அவர்களுடைய தளத்துக்குப் போனால், முன்பதிவு செய்ய எங்கள் செயலியை இறக்குங்கள் என்று ஒரு பொத்தான். பார்ப்பதற்கு கூகுள் பிளே பொத்தான் போலவே இருக்கும். ஆனால் செயலி வருவது திருடனின் சொந்தக் கணினியிலிருந்து. அறியாத இடத்திலிருந்து வரும் செயலியை அனுமதிக்கலாமா என்று தொலைபேசி கேட்கும். சுத்தம் செய்யும் ஆள் வர வேண்டுமே என்ற அவசரத்தில் அனுமதிக்கிறோம். பணம் செலுத்தும் பக்கத்தில் வங்கியின் பெயரைத் தேர்ந்தெடுத்து, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தட்டினால், தவறு என்று ஒரு செய்தி வரும். தவறு ஒன்றும் இல்லை. அதற்குள் அவை போய்ச் சேர்ந்துவிட்டன. பிறகு வங்கி அனுப்பும் குறுஞ்செய்தி எண்ணையும் அந்தச் செயலியே சத்தமில்லாமல் திருடனுக்கு அனுப்பிவிடும். ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2022 ஏப்ரலில் இதைப் பிரித்துப் பார்த்து எழுதியது. போலித் தளங்கள் ஏழு. குறிவைக்கப்பட்டவை 8 மலேசிய வங்கிகளின் வாடிக்கையாளர்கள். பின்னர் இதே தந்திரம் கல்யாணப் பத்திரிகை வடிவிலும் வாட்ஸ்அப்பில் வந்தது. பத்திரிகையைப் படிக்கச் செயலி எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா, குறுஞ்செய்தி எண்ணை விட்டுப் பாதுகாப்பான வேறு முறைக்கு மாறும்படி வங்கிகளுக்குச் சொன்னது. ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே கருவி, புதிதாகப் பதிந்தால் சிறிது நேரம் காத்திருப்பு என்பன போன்ற விதிகளும் அப்போது வந்தவை. 'ஏன் இந்த பேங்க் இவ்வளவு இழுக்கிறது?' என்று நாம் சலித்துக்கொள்வோமே, அந்த இழுப்புக்குக் காரணம் இதுதான்.

ஆண்ட்ராய்டு தொலைபேசியில் முன்பு 'அன்நோன் சோர்ஸஸ்' என்று ஒரே ஒரு பொத்தான் இருந்தது. திறந்தால் எல்லோருக்கும் திறந்த வீடுதான். 2017ஆம் ஆண்டு வந்த ஆண்ட்ராய்டு 8இலிருந்து ஒவ்வொரு வாசலுக்கும் தனிக் கட்டை. இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் இருக்கும் தொலைபேசிகளை எல்லாம் வரிசையாக வாங்கிப் பாருங்கள். 'செட்டிங்ஸில்' 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' என்று தேடினால் ஒரு பட்டியல் வரும். வாட்ஸ்அப், குரோம், ஃபைல்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் நேராக 'அனுமதி இல்லை' என்று இருக்க வேண்டும். தாத்தாவின் தொலைபேசியை மறக்காதீர்கள். அதில்தான் பேரன் ஏதாவது விளையாட்டு இறக்கியிருப்பான். அப்படியே பிளே ஸ்டோரைத் திறந்து, மூலையில் இருக்கும் உங்கள் படத்தைத் தொட்டு, 'பிளே புரொடெக்ட்' விழித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

தெரியாமல் போட்டுவிட்டால்

கணினி என்றால் இணையத்தை உடனே துண்டியுங்கள். தொலைபேசி என்றால் விமானப் பயண நிலைக்கு மாற்றுங்கள். செயலியை அழித்துவிட்டால் போதும் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். வேறொருவரின் தொலைபேசியிலிருந்து வங்கியின் அவசர எண்ணை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 997. இது 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண். போலீஸ், பேங்க் நெகாரா, தொடர்பு ஆணையம் எல்லாம் இதில் சேர்ந்து வேலை செய்கின்றன. பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும் என்பதால் இங்கே மணிக்கணக்கு அல்ல, நிமிடக் கணக்கு. வெட்கப்பட்டு மறைப்பதற்கு நேரமில்லை. அதன் பிறகு போலீஸ் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

படங்களைப் பூட்டியவன் பணம் கேட்டால் கொடுக்கலாமா என்று மாமா என்னையும் கேட்டார். கொடுத்தாலும் சாவி வரும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் இல்லை. 2016ஆம் ஆண்டில் நெதர்லாந்துப் போலீசும் யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 'நோ மோர் ரான்சம்' என்று ஓர் இலவசத் தளம் தொடங்கின. கண்டுபிடிக்கப்பட்ட சாவிகளை அங்கே வைக்கிறார்கள். இன்று இல்லாத சாவி நாளை வரலாம் என்பதால், பூட்டிய கோப்புகளை அழிக்காமல் வைத்துக்கொள்ளச் சொன்னேன். இந்த 'ஸ்டாப்' வகை, கடவுச்சொற்களைத் திருடும் நிரலையும் சில நேரம் கூடவே கூட்டிவரும் என்பதால், மகளின் கடவுச்சொற்களை எல்லாம் வேறொரு கருவியிலிருந்து மாற்றச் சொன்னோம். கணினியைத் துடைத்து, விண்டோஸைப் புதிதாக ஏற்றினோம்.

மாமா பணம் கட்டவில்லை. மகன் அவ்வப்போது உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த படங்களை ஒவ்வொருவரிடமும் கேட்டுத் திரட்டியதில் நாற்பது சொச்சம் தேறின. முறத்தோடு நிற்கும் மாமியின் படம் காப்பாரில் இருக்கும் தங்கச்சி மகளிடம் இருந்தது. வாட்ஸ்அப்பில் வந்த படமாதலால் அளவு சுருங்கி, முகம் கொஞ்சம் மங்கல். நினைவு மலரில் அதைத்தான் போட்டார்கள். பெரட்டுக் களத்தின் படம் யாரிடமும் இல்லை.

இப்போது அந்தக் கணினியின் நிர்வாகிக் கடவுச்சொல் மாமாவிடம்தான் இருக்கிறது. சாமி படத்துக்குப் பின்னால், பழைய சம்பளப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. மகள் எதையாவது நிறுவ வேண்டுமென்றால் அவர் முன்னால் போய் நிற்க வேண்டும். "யாரு செஞ்சது? பேரு போட்டிருக்கா? எங்கேருந்து எடுத்த?" என்று கிராணி கேட்பதுபோல் மூன்று கேள்வி கேட்டுவிட்டுத்தான் புத்தகத்தை எடுக்கிறார். போன மாதம் பார்த்தபோது, பூட்டிய படங்கள் இருக்கும் வட்டை ஒரு மைலோ டின்னில் போட்டு வைத்திருப்பதைக் காட்டினார். "சாவி ஏதும் வந்திருக்கா, பாரேன்" என்றார். தளத்தைத் திறந்து பார்த்தேன். இன்னும் வரவில்லை.